கொர்னேலியுஸ் வீட்டு மகள்

ரங்கூன்
10 ஜனவரி 1926

அன்புள்ள அக்காவுக்கு,

பர்னபாஸ் எழுதுவது. சுகமாக இருக்கிறேன். மாவ்பியில் இந்த வருஷம் பனி அதிகம் என்று ரயிலில் வந்தவர்கள் சொன்னார்கள். பள்ளிக்கூடத்து வேலைக்குப் போகும்போது தலையில் துணியைப் போட்டுக்கொண்டு போ. உனக்கு இருமல் பிடித்தால் லேசில் விடாது.

ஒரு அவசர காரியம். ஊரிலிருந்து அப்பா கொண்டுவந்த அவருடைய ஞானஸ்நான சர்டிபிகேட் உன் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதே, அதை உடனே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. கம்பெனியில் எனக்கு மேல் கிரேடு கொடுக்கப் பேச்சு நடக்கிறது. அதற்குக் குடும்பத்துக் காகிதம் கேட்கிறார்கள்.

இது எப்படி வந்தது தெரியுமா? போன மாதம் சூப்பரின்டென்டென்ட் துரை என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "கார்னீலியஸ் என்பது சாதாரணப் பெயர் இல்லை, எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு கம்பெனி நூலகத்தில் அகராதியை எடுத்துப் பார்த்தேன். ரோமாபுரியின் மிகப் பழைய குடும்பங்களில் ஒன்றின் பெயர் அக்கா அது. தளபதிகளும் நாட்டை ஆண்டவர்களும் அந்தக் குடும்பத்தில் எத்தனையோ பேர். லத்தீனில் கொம்பு என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று போட்டிருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துப் பெயரை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்தோம்?

பதிலை ஆபீஸ் விலாசத்துக்கு எழுது. உறையின் மேல் இங்கிலீஷில் எழுது. கெமண்டைனில் நான் தங்கியிருக்கும் வீட்டுக்கு வர வேண்டாம். வீட்டுக்கார அம்மாள் சட்டைக்காரர், வெள்ளைக்காரக் கலப்புக் குடும்பம். விருந்தாளிகள் வருவது அவருக்குப் பிடிக்காது.

உன் தம்பி,
பி. கார்னீலியஸ்


மாவ்பி
17 ஜனவரி 1926

சேசு மரி சூசை துணை

தம்பி பர்னபாஸுக்கு அக்கா மக்தலேனா எழுதுவது.

சர்டிபிகேட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிரி.

வீட்டுக்கு வர வேண்டாம் என்று இப்போது எழுதுகிறாய். கிறிஸ்மஸுக்கு நான் வந்ததே உனக்குத் தெரியும், பிறகு ஏன் தெரியாததுபோல் எழுதுகிறாய்? கதவைத் திறந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆயா வேலைக்கா? பின்பக்கமா வா" என்றார். உள்ளே நீ பேசிக்கொண்டிருந்த குரல் கேட்டது. நான் உன் பெயரைச் சொன்னதும் அந்தக் குரல் நின்றுபோனது. பலகாரத் தூக்கை வாசலில் வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். அம்மா போனபோது உனக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு உனக்குச் சோறு ஊட்டியவள் நான் என்று சொல்லிக்காட்ட இதை எழுதவில்லை. நீ வெளியே வந்து, "அக்கா, இப்போ வேண்டாம்" என்று சொல்லியிருந்தாலும் பேசாமல் திரும்பியிருப்பேன்.

பெயர் எங்கிருந்து வந்தது என்று துரை கேட்டால் சொல்வதற்கு உனக்குத் தெரியாதா? அப்பா எத்தனை முறை சொல்லியிருக்கிறார். தாத்தா ஊரில் பண்ணையாள். நம் தெருவில் முதலில் ஞானஸ்நானம் வாங்கியவர். வேதத்தில் ரோமச் சேவகர்களின் தலைவன் ஒருவன் வருகிறானே, யூதரல்லாத வெளி ஜனங்களிலிருந்து முதல் ஆளாகச் சபைக்குள் வந்தவன், அந்தக் கொர்னேலியுஸின் பெயரைச் சாமியார் அவருக்கு வைத்தார். பண்ணையாருக்கு அது வாயில் நுழையவில்லை. "கொண்ணேலி" என்று கூப்பிடுவாராம். தாத்தா திரும்பிப் பார்க்க மாட்டார். முழுசாகச் சொன்னால்தான் திரும்புவார். அதற்காக அடியும் வாங்கியிருக்கிறார்.

இன்னொரு விஷயம். ரங்கூன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் போடப் போகிறேன். முப்பது வயதுக்குள் சேர வேண்டும். மார்ச் வந்தால் எனக்கு இருபத்தொன்பது ஆகிவிடும். அவர்களும் குடும்பத்துக் காகிதம் கேட்பார்கள். ஈஸ்டருக்குள் சர்டிபிகேட்டைத் திருப்பி அனுப்பிவிடு.

மக்தலேனா


ரங்கூன்
7 ஏப்ரல் 1926

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஜனவரிக் கடிதமும், பிறகு சர்டிபிகேட்டைக் கேட்டு எழுதியதும் வந்தன. பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். கிரேடு கிடைத்துவிட்டது. மாடியில் தனி மேஜை, மின்விசிறி.

சர்டிபிகேட் இப்போது கம்பெனி பைலில் இருக்கிறது. கேட்டால் சந்தேகப்படுவார்கள். அதனால் கொஞ்ச நாள் பொறு.

இன்னொரு செய்தி. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் பெயர் வயலட். அவள் அப்பா எங்கள் கம்பெனியில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறார். சட்டைக்காரக் குடும்பம்தான், ஆனால் வயலட் நல்லவள். ஒரு நாள் உனக்கும் அவளைப் பிடிக்கும்.

அந்த ஒரு நாள் வரும் வரைக்கும் நீ எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். ஆஸ்பத்திரி விண்ணப்பத்தில் உன் பெயரை மக்தலேனா ஏசுரத்தினம் என்று எழுது. அப்பாவின் பெயர்தானே அது, பொய் ஒன்றும் இல்லை. கார்னீலியஸ் என்று எழுத வேண்டாம். ரங்கூனில் அந்தப் பெயர் நாலைந்து பேருக்குத்தான் இருக்கும். யாராவது இரண்டையும் சேர்த்துப் பார்த்துக் கேள்வி கேட்டால் எனக்குச் சங்கடம். மேல் கிரேடுக்காகச் சில விவரங்களைக் கொஞ்சம் மாற்றி எழுத வேண்டியிருந்தது. அதையெல்லாம் கடிதத்தில் விளக்க முடியாது.

நீ பெண். நாளைக்கே கல்யாணமானால் எப்படியும் வேறு பெயர்தான். எனக்கு அப்படி இல்லை.

பி. கார்னீலியஸ்


மாவ்பி
12 ஏப்ரல் 1926

சேசு மரி சூசை துணை

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே விண்ணப்பம் போய்விட்டது. மக்தலேனா கொர்னேலியுஸ் என்றுதான் எழுதினேன். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் உன் பெயரையும் கம்பெனி விலாசத்தையும் எழுதியிருக்கிறேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் எழுத? விசாரித்துக் கடிதம் வந்தால், இவள் என் அக்கா, நடத்தை நல்லது என்று இரண்டு வரி எழுதிப் போடு.

நீ ரோமாபுரியைப் பற்றி எழுதியதை எங்கள் பள்ளிக்கூடத்து பிரெஞ்சுச் சாமியாரிடம் காட்டினேன். சிரித்தார். "உன் தம்பி அகராதியில் பாதியைத்தான் படித்திருக்கிறான்" என்றார். அந்தக் குடும்பத்துத் தளபதி ஒருவன் பத்தாயிரம் அடிமைகளை ஒரே சமயத்தில் விடுதலை செய்தானாம். விடுதலையானவன் எஜமானின் குடும்பப் பெயரை வைத்துக்கொள்வது அங்கே வழக்கமாம். பத்தாயிரம் பேரும் கொர்னேலியுஸ் ஆனார்கள். ஆகவே ரோமாபுரித் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அநேகமாக அடிமையாக இருந்தவன்தான் திரும்பிப் பார்ப்பான் என்றார். எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது.

நீ பெண்ணைப் பற்றி எழுதினாயே, அதையும் கேட்டேன். அங்கே மகன்களுக்கு முன்னால் ஒரு பெயர், பின்னால் ஒரு பெயர் என்று இரண்டு மூன்று உண்டாம். மகளுக்குக் குடும்பப் பெயர் ஒன்றுதான். அந்த வீட்டில் பிறந்த ஒவ்வொரு பெண்ணும் கொர்னேலியா. கல்யாணமானாலும் அதேதானாம். அதை எடுத்துவிட்டால் அவளுக்குப் பெயரே இல்லை.

நீ என்ன விவரத்தை மாற்றி எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயமாக இருக்கிறது. சர்டிபிகேட்டை அனுப்பு.

மக்தலேனா


மாவ்பி
30 ஜூன் 1926

பர்னபாஸ்,

நேற்று உன்னைப் பார்த்துவிட்டு வந்தவள் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி அறையில் நீ இங்கிலீஷில் பேசியது எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாயோ என்னவோ. எல்லாம் புரிந்தது.

போன வாரம் நர்ஸ்களுக்குத் தலைவியான மேட்ரன் அம்மாள் என்னை வரச்சொல்லி எழுதியிருந்தார். எடுத்துக்கொண்டார்கள் என்று நினைத்து வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக் குமாஸ்தா பொன்னுத்துரை என்பவர் ஒரு காகிதத்தைப் படித்துக் காட்டினார். கீழே உன் பெயர். 'எனக்குச் சகோதரி கிடையாது. இந்தப் பெண் எங்கள் வீட்டில் வேலை செய்தவளின் மகளாக இருக்கலாம்.'

அப்போதுகூட நான் உன்னைச் சந்தேகப்படவில்லை. வேறு யாரோ உன் பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்றேன். "அவனக் கூப்பிட்டு என் முன்னால நிறுத்துங்க. பாத்த ஒடனே அக்கான்னு சொல்லுவான்" என்று பொன்னுத்துரை ஐயா வழியாக மேட்ரனிடம் அடித்துச் சொன்னேன். அவரே எனக்காகப் பரிந்து பேசி நாள் வாங்கிக் கொடுத்தார்.

நேற்று நீ வந்தாய். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். மழையில் உன் தோள் நனைந்திருந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"இந்தப் பெண்ணைத் தெரியுமா?" என்று மேட்ரன் கேட்டார். நீ என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு, தெரியாது என்றாய்.

நான் எழுந்துவிட்டேன். "தம்பி, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நான் ஒனக்கு யாரு?"

நீ மேட்ரன் பக்கம் திரும்பி, "இவள் என்ன சொல்கிறாள்?" என்று இங்கிலீஷில் கேட்டாய். மேட்ரன் பொன்னுத்துரை ஐயாவைப் பார்த்தார். நான் உன்னிடம் பேசிய தமிழை அவர் உனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். அப்படிச் சொல்லும்போது அந்த மனிதர் உன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். உனக்கு நான் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்தேன் பர்னபாஸ். உன் முதல் வார்த்தை அக்கா.

நீ சொன்னாய்: "வேலைக்காரியின் மகள். என் தந்தை இரக்கப்பட்டு எங்கள் பெயரை வைத்துக்கொள்ள விட்டிருப்பார்." செத்துப்போன அப்பாவையும் சாட்சிக்கு இழுத்தாய்.

என் விண்ணப்பத்தின் மேல் 'பொய்த் தகவல்' என்று சிவப்பு மையில் எழுதி வைத்துவிட்டார்கள். அடுத்த மார்ச்சில் எனக்கு முப்பது. இனி எந்த ஆஸ்பத்திரிக்கும் போக முடியாது.

ஏன் என்று மட்டும் சொல்.

மக்தலேனா கொர்னேலியுஸ்


ரங்கூன்
8 ஜூலை 1926

அக்கா,

உன் கடிதத்தை மேஜையில் வைத்துப் படிக்க முடியவில்லை. துறைமுக ஜெட்டிக்குப் போய் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று படித்தேன்.

ஏன் என்று கேட்டாய். மேல் கிரேடு வெள்ளைக்காரருக்கும் சட்டைக்காரருக்கும் மட்டும்தான். நாகப்பட்டினத்தில் குடியேறிய பழைய போர்ச்சுக்கீசியக் குடும்பம் என்று எழுதினேன். அந்தக் குடும்பங்களில் என்னைவிடக் கறுத்தவர்களும் உண்டு, அதனால் நிறத்தை யாரும் கேட்கவில்லை. பெயர் போதுமானதாக இருந்தது. தாயார் இசபெல்லா என்று எழுதினேன். கூடப்பிறந்தவர்கள் இல்லை என்று எழுதினேன். அப்பாவின் சர்டிபிகேட்டில் ஏசுரத்தினம் என்றிருந்ததையும் கூலி என்றிருந்ததையும் பிளேடால் சுரண்டிவிட்டேன். ஆகவே அதை உனக்குத் திருப்பித் தர முடியாது. இது வெளியே வந்தால் வேலை போவதோடு நிற்காது, கோர்ட்டில் நிறுத்துவார்கள். அன்று நான் வராமல் இருந்திருந்தால் மேட்ரன் கம்பெனி மானேஜருக்கே எழுதியிருப்பார். எனக்கு வேறு வழி இருந்ததா, சொல்.

நீ தாத்தாவைப் பற்றி எழுதுகிறாய். நான் அவரைப் பார்த்ததில்லை. அப்பாவைத்தான் பார்த்தேன். துறைமுகத்தில் மேஸ்திரி அவரைக் "கோணி, கோணி" என்று கூப்பிடுவான். கோணி சுமக்கிறவனுக்கு அது பொருத்தமான பெயர் என்று எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவும் கூடச் சிரிப்பார். அவருக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுபோன நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். தாத்தா திரும்பிப் பார்க்காமல் இருந்தார். அப்பா திரும்பிப் பார்த்தார். நான் இரண்டும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். என்னைக் கூப்பிடுகிறவன் மரியாதையாகக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

உன்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். பார்த்திருந்தால் சொல்லியிருக்க முடியாது.

பர்னபாஸ்


ரங்கூன்
14 செப்டம்பர் 1926

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கோபம் இருக்கும். இருந்தாலும் உன்னைத் தவிர எனக்கு உதவி செய்ய ஆளில்லை என்பதால் எழுதுகிறேன்.

நவம்பரில் கல்யாணம். கெமண்டைன் கோயில் சாமியார் என் ஞானஸ்நானப் பதிவு வேண்டும் என்கிறார். நம் தமிழ்க் கோயில் பதிவேட்டில் எல்லாம் உள்ளபடியே இருக்கிறது. அங்கே கேட்க முடியாது. நாகப்பட்டினத்தில் பிறந்தேன், அந்தப் பதிவேடு புயலில் போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் நேரில் கண்ட ஒருவர் வந்து சத்தியம் செய்தால் போதும் என்கிறார்.

நீ கண்டிருக்கிறாய். உனக்கு அப்போது ஆறு வயது, மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நின்றாய் என்று நீயே சொல்லியிருக்கிறாய். சத்தியத்தில் முக்கால்வாசி உண்மைதான். ஊரை மட்டும் மாற்றிச் சொல். எங்கள் வீட்டு வேலைக்காரியின் மகள் என்று சொல். ஆஸ்பத்திரியில் சொன்னதற்கும் அது ஒத்துப்போகும். வருகிற இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு. நான் உள்ளே வரமாட்டேன், வராந்தாவில் இருப்பேன்.

இதைச் செய்தால் மேட்ரனுக்கு நானே எழுதுகிறேன், நல்ல பெண், தெரியாமல் பெயரைப் போட்டுவிட்டாள், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று.

இது கடைசி உதவி. இதற்குப் பிறகு உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டேன்.

பர்னபாஸ்


மாவ்பி
3 அக்டோபர் 1926

சேசு மரி சூசை துணை

பர்னபாஸுக்கு,

அன்றைக்கு அறைக்குள் என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டேன். உன்னைத் தாண்டிப் போகத் தெம்பில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். உன்னைக் காட்டிக்கொடுக்க நான் ரயில் ஏறவில்லை. நீ சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிவிட்டு வரத்தான் வந்தேன். ஒரு முறை நீ என்னை வேலைக்காரி மகள் ஆக்கிவிட்டாய், இன்னொரு முறை நானே சொல்லிவிட்டுப் போகிறேன், பையன் கல்யாணம் நடக்கட்டும் என்று இருந்தேன்.

அறையில் சாமியார், வயலட், அவள் அம்மா. சாமியார் மதுரைப் பக்கம் பத்து வருஷம் இருந்தவராம். நம்மைப் போலவே தமிழ் பேசினார். நற்செய்திப் புத்தகத்தின் மேல் கையை வைக்கச் சொன்னார்.

"குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததைப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் சாமி. நான்தான் மெழுகுவத்தி புடிச்சேன்."

"நீ யாரு?"

"அந்த வீட்டு வேலைக்காரி மக."

எழுதிக்கொண்டார்.

"ஒங்க அம்மா பேரு?"

"இருதயம்மாள்."

அதையும் எழுதிக்கொண்டார். பிறகு, "குழந்தையோட தாயார் பேரு?" என்றார்.

இசபெல்லா என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. உன்னைப் பெற்ற நாலாம் நாள் அரிசி மில்லுக்கு வேலைக்குப் போனவள் அவள். மத்தியானம் பாலூட்ட ஓடி வருவாள், தலையெல்லாம் தவிடு. நான் யாருக்கும் மகளாக இருந்துவிட்டுப் போகிறேன். அவள் பிள்ளையை அவளிடமிருந்து பிடுங்கி, எங்கும் பிறக்காத ஒருத்தியின் மடியில் போட்டுவிட்டு, அவளை அந்த மடிக்குக் கீழே பாத்திரம் கழுவ உட்கார வைக்க என்னால் ஆகவில்லை.

சாமியார் திரும்பக் கேட்டார். "இருதயம்மாள்" என்றேன்.

"ஒங்க அம்மா பேர அப்பவே எழுதிட்டேன். பையனோட அம்மா பேரக் கேக்குறேன்."

"அதான் சாமி. ரெண்டு பேருக்கும் ஒரே அம்மா."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வயலட்டின் அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். வயலட் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நீ சொன்னது சரிதான், நல்ல பெண். என்னிடம் கத்தவில்லை. வீட்டு வேலைக்காரர்களிடம் கற்ற தமிழில் கேட்டாள்:

"அவர் என்கிட்ட சொன்னதுல எதாவது நெசம் இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். "பேரு நெசம்" என்றேன். "அது எங்க தாத்தா பேரு. அத யாருகிட்டயும் திருடல."

அவள் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி என் கையில் வைத்தாள். "நீங்களே குடுத்துருங்க. நான் அவரைப் பாக்கமாட்டேன்." அந்த மோதிரம் இதோடு வருகிறது.

கம்பெனிக்கு நான் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். சாமியாரும் எழுத மாட்டேன் என்றார். வயலட்டின் அப்பா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. ரங்கூனை விட்டுப் போவதாக இருந்தால் சீக்கிரம் போ.

நான் அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்ல, சாமியார் தானாகவே மேட்ரனுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். தமிழ்க் கோயில் பதிவேட்டிலிருந்து என் பதிவையும் நகல் எடுத்துக்கொண்டு போனேன். சிவப்பு மையில் எழுதியதை மேட்ரன் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நவம்பர் முதல் தேதி சேருகிறேன்.

இனி உனக்கு எழுத மாட்டேன். என்னைத் தெரியாது என்று சொன்னதை வயதானபிறகு மறந்தாலும் மறப்பேன். அம்மாவுக்கு நீ செய்தது அப்படியில்லை. அதை மன்னிக்க வேண்டியவள் நான் இல்லை, மன்னிக்கக்கூடியவள் உயிரோடு இல்லை.

என்றைக்காவது வர வேண்டும் என்று தோன்றினால் வா. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி கேட்டில் சுலைமான் பாய் என்று ஒரு காவல்காரர் நிற்கிறார். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். என் பெயரை முழுசாகச் சொல்ல வேண்டும். நீ யார் என்றும் கேட்பார். அதையும் சொன்னால்தான் உள்ளே விடுவார்.

மக்தலேனா கொர்னேலியுஸ்